வலி வந்துச்சா?

வலியை அளக்கக் கற்றுக்கொள்ள சவரிமுத்து நர்ஸ் மெஹருன்னிஸாவிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கு முப்பத்துமூன்று.

அதற்கு முன் இருபத்துநான்கு வருஷம் அவர் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியன். குழாய் மாட்டுவது, சிலிண்டர் திறப்பது, மானிட்டரில் கண் வைத்திருப்பது எல்லாம் அத்துப்படி. ஆனால் அவர் கைபட்ட நோயாளிகளில் பாதிக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், மீதிப் பேர் பயத்தில் வாயடைத்துக் கிடந்தவர்கள். பேச்சுக் கொடுத்துப் பழக்கமே இல்லை. முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போனதும் அவரை வலி பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஆபரேஷன் முடிந்தவர்களைக் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சீட்டில் எழுத வேண்டும். நான்கைத் தாண்டினால் ஊசி. தாண்டாவிட்டால் மாத்திரையோடு சரி.

“என்ன சவரி, சிலேட்டு பலப்பம் வாங்கியாச்சா? டீச்சரம்மா அடிப்பாங்களாமே?” என்று தியேட்டரில் கேலி பேசினார்கள்.

“என் கடைசித் தங்கச்சி வயசு. அடிச்சா வாங்கிக்கிறேன்,” என்றார்.

முதல் நாளே அவளிடம் கேட்டார். “சிஸ்டர், வலியை எப்படித்தான் அளக்கிறது?”

“அதைத்தாண்ணே நானும் பத்து வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்கேன். நீங்க கேட்டு எழுதுங்க. அப்புறம் பேசுவோம்.”

இதென்ன பதில் என்று அவருக்குத் தோன்றியது. இருந்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. எட்டு, பதினொன்று, இரண்டு, ஐந்து என்று மணி தவறாமல் போனார். தியேட்டரில் அவர்கள் பேசிக்கொள்வதுபோலவே கேட்டார். மயக்க மருந்தின் மரமரப்பு விட்டால் வலி வரும். ஆகவே, “வலி வந்துச்சாம்மா?” என்றார். வந்தது என்றால் பத்துக்கு எத்தனை என்று அடுத்த கேள்வி. இல்லை என்றால் பூஜ்யம். பூஜ்யத்தை அவர் அச்சடித்ததுபோல வட்டமாகப் போடுவார்.

மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு மெஹருன்னிஸா அவரோடு பெண்கள் வார்டுக்கு வந்தாள். வலப்பக்கம் முழுக்க சிசேரியன் ஆனவர்கள். பிள்ளைச் சத்தமும் பார்க்க வந்தவர்களின் பேச்சுமாக இருந்தது. இடப்பக்கம் கடைசிக் கட்டிலில் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கம், நாற்பத்தைந்து வயது. திங்கட்கிழமை காலையில் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள்.

சவரிமுத்து சீட்டை நீட்டினார். “இவங்களைப் பாருங்க சிஸ்டர். தைரியசாலி. ஏழு தடவை கேட்டுட்டேன், ஏழும் பூஜ்யம்.”

ஒச்சம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

மெஹருன்னிஸா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே கொடுத்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் கை எட்டும் தூரத்தில் வைத்தாள்.

“குடிங்கக்கா.”

ஒச்சம்மாள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு விட்டத்தைப் பார்த்தாள்.

“தாகமில்ல சிஸ்டர்.”

அவள் உதடு தோலுரிந்து வெடித்திருந்தது.

“ஒரு தடவை இருமுங்க பார்ப்போம்.”

“இருமல் எல்லாம் இல்ல சிஸ்டர்.”

மெஹருன்னிஸா பச்சைத் தட்டியை இழுத்துக் கட்டிலை மறைத்தாள். சவரிமுத்து வெளியே நின்றுவிட்டார். உள்ளே அவள் குரல் தணிந்து கேட்டது.

“வயிறு என்னக்கா செய்யுது?”

பிறகு அந்தக் குரல் வந்தது. ஏழு தடவை ‘இல்லீங்க’ என்று மட்டும் சொன்ன குரல்.

“கொள்ளிக்கட்டையை வச்சு அமுக்குன மாதிரி காந்துது சிஸ்டர். திரும்புனா தையலைப் புடிச்சு இழுக்குது. மூச்சைக்கூட மேலாகத்தான் விட்டுக்கிட்டுக் கெடக்கேன். சேலை முந்தியைக் கடிச்சுக் கடிச்சு ஓட்டையாப்போச்சு.”

“எத்தனை நாளா?”

“திங்கக்கெழம சாயங்காலம் புடிச்சே.”

“சீட்டுல வலி இல்லைன்னு எழுதியிருக்கே.”

“அதுவா.” ஒச்சம்மாள் சிரிக்கப் போனாள்போல. வயிறு இழுத்திருக்க வேண்டும், பாதியில் நின்றது. “வலி எனக்கு என்னைக்கு சிஸ்டர் வந்துச்சு? கல்யாணமாகி இருபத்தாறு வருசம், ஒரு தடவை வந்துறாதான்னு ஏங்கிக் கெடந்தவதான். இப்ப பையையும் எடுத்தாச்சு. அந்த அண்ணன் அந்தப் பக்கம் பிள்ளை பெத்தவளுகளைக் கேட்டுட்டு, அப்படியே இங்க வந்து ‘வலி வந்துச்சாம்மா’ங்குறாரு. வார்டுல எல்லாரையும் கேக்கணும்னு சட்டம் போலன்னு நெனைச்சேன். இல்லீங்கன்னேன். இல்லாததை இருக்குன்னா சொல்ல முடியும்?”

சவரிமுத்துவின் கையில் சீட்டு இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தேடுகிறவர்போல அவர் சுற்றிலும் பார்த்தார். எதிர்க்கட்டிலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“அவருகிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா?”

“வார்டு பூராவும் காது குடுத்துக் கெடக்குறப்ப என்னத்தைச் சொல்ல? பெரிய மனுசன், பாவம், தெரியாமத்தானே கேக்குறாரு. எழுதிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

தட்டி விலகியது. “அண்ணே, டாக்டருக்கு போன் போடுறேன். ஊசி எடுத்துட்டு வாங்க,” என்றாள் மெஹருன்னிஸா.

அவர் ஓடினார். முழங்கால் என்று ஒன்று இருப்பதே அப்போது நினைவில் இல்லை. ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்து, தட்டிக்கு அந்தப் பக்கம் ஒச்சம்மாள் மடக்கு மடக்காகத் தண்ணீர் குடிப்பது கேட்டது. குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள்.

வராந்தாவில் கை கழுவும் தொட்டியருகே இருவரும் நின்றார்கள். சவரிமுத்து குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“ஏழு தடவை சிஸ்டர்,” என்றார். “ஒவ்வொரு தடவையும் சத்தமா வேற கேட்டேன். காது கேக்காதோன்னு.”

அவள் சோப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“ராத்திரி டியூட்டி நர்சுங்க என் பூஜ்யத்தைப் பார்த்துட்டுத்தான் ஊசி போடாம விட்டிருக்காங்க.”

“நானும் பார்த்தேண்ணே. நேத்தே பார்த்தேன். நல்லாயிருக்காங்கன்னு நானும் தாண்டிப் போயிட்டேன்.”

“நீங்க எழுதலையே. எழுதினது நான். எனக்கு ரெண்டு பிள்ளைங்க சிஸ்டர். என் வீட்டுக்காரிக்கு வலி வந்தப்ப ஆட்டோ புடிச்சது நான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எட்டி மூடினாள்.

“நான் திரும்பத் தியேட்டருக்கே போயிடுறேன். கால் போனாப் போகுது.”

“போறதுன்னா போங்க. ரெண்டு மணிக்கு அவங்களைப் பார்க்க வேண்டியது நீங்கதான். பார்த்துட்டுப் போங்க.”

“எந்த முகத்தோட சிஸ்டர்?”

“இருக்குறது ஒண்ணுதானேண்ணே.”

சவரிமுத்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். ஏதோ முடிவுக்கு வந்தவர்போல வார்டுப் பக்கம் ஓர் எட்டு வைத்தார்.

“ரெண்டு மணி வரைக்கும் எதுக்கு? இப்பவே போறேன். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்.”

“கேட்டா என்ன சொல்வாங்க?”

“என்ன சொல்வாங்க... பரவாயில்லீங்கம்பாங்க. அவங்க குணம் அது.”

“அப்படிச் சொல்லிட்டா?”

“எனக்குக் கொஞ்சம் ஆறும் சிஸ்டர்.”

மெஹருன்னிஸா வார்டுப் பக்கம் பார்த்தாள்.

“வயித்துல தையலோட இப்பத்தாண்ணே கண் அசந்திருக்காங்க. அவங்களை எழுப்பியா நீங்க உங்க வலிக்கு மருந்து வாங்கிக்கணும்?”

சவரிமுத்து எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.