ஃப்ரீ சைஸ் ஜிப்பா

ஈரோட்டு ஜவுளிக்கடை முதலாளி சடையப்பருக்கு வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். ஒருநாள், வாங்கிப்போன ஜிப்பா பத்தவில்லை என்று ஒருவர் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

"ஃப்ரீ சைஸ்னா உலகத்துல அத்தனை பேருக்கும் பொருந்தும்! மாத்திக் கொடுத்தீன்னா உன் வேலை போச்சு" என்று விற்பனைப் பெண் வஞ்சியிடம் உறுமினார் சடையப்பர்.

வஞ்சி பணிவாகத் தலையாட்டினாள். "எனக்குத் தெரியுதுங்க. இவருதான் நம்ப மாட்டேங்கறாரு. நீங்களே ஒருக்கா போட்டுக் காட்டிட்டா வாயடைச்சுப் போயிருவாருங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. மறுக்க முடியாமல் முதலாளி கைகளை உயர்த்தித் தலையை நுழைத்தார். ஜிப்பா தோளோடு இறுகிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"இவருக்கு மாத்திக் கொடுத்தரட்டுங்களா, முதலாளி?"

ஜிப்பாவுக்குள்ளிருந்து குரல் வந்தது: "கொடுத்துத் தொலை! முதல்ல என்னை வெளிய எடு அம்மிணி!"