மூன்றாவது பூ

"சாமி உத்தரவு கொடுத்தாச்சும்மா" என்றார் உடையப்பன்.

செங்கமலத்தம்மா மடத்து அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு ஐம்பத்தைந்து. மரியாதைக்கு அவர் அவளை அம்மா என்பார். வயசுக்கு அவள் அவரை அண்ணாச்சி என்பாள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

"என்ன உத்தரவு அண்ணாச்சி?"

"அக்கரைக் கொட்டகையக் கொளுத்த."

ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்களுக்குச் சாமி வேறு. போன மாசம் இக்கரைத் தேர் வடத்தை எவனோ அறுத்துவிட்டான். எவன் என்று யாருக்கும் தெரியாது. தெரியாதவரைக்கும் வசதி, அக்கரை முழுசையும் குற்றம் சொல்லிக்கொள்ளலாம்.

"விடிஞ்சா அவுகளுக்குத் திருநாள். எல்லாரும் கொட்டகைக்குள்ள கும்பிட்டுக்கிட்டு இருப்பாக. நாங்க நாப்பது பேரு போறோம். நீங்க திருநீறு பூசி அனுப்பணும்."

"பிள்ளைகுட்டியும் உள்ளதான இருக்கும்?"

"இருக்கும்." அவர் தரையைப் பார்த்தார். "எனக்கு மட்டும் வயிறு எரியாமலா இருக்கு? ஆனா சாமியே சொன்னப்புறம் நான் யாரும்மா மாத்திப் பேச?"

"சாமி எப்பிடிச் சொன்னாரு?"

"பூக்கட்டிப் பாத்தோம்."

அந்த ஊரில் கல்யாணமோ கிணறோ, பூக்கட்டிப் பார்க்காமல் ஒன்றும் நடக்காது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் பேசாமல் வீட்டுக்குப் போ.

"முறையாக் கேட்டீகளா?"

"ஆத்துல முங்கி, ஈர வேட்டியோட கேட்டேன். எடுத்தது இந்தக் கைதான்."

"அப்பச் சரி." அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "திருநீறு தாரேன். அதுக்கு முன்ன நம்ம மடத்துச் சாமிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருவோம். ஊர்ச் சாமி ஒண்ணு சொல்லி, மடத்துச் சாமி ஒண்ணு சொல்லிரவா போகுது?"

உடையப்பனுக்குச் சந்தோஷம். நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து வந்தார். வாழை இலையைக் கிழித்து, இரண்டு பொட்டலம் மடித்தார். கைக்குள் குலுக்கி விளக்கின் முன்னால் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

"கை தடுமாறிப்போச்சும்மா."

"இன்னொருக்கா கேளுங்க."

குலுக்கினார். எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு.

"இலை ஈரம். சரியா மடியல."

"அதுக்கென்ன, கேளுங்க. சாமிக்கு வேற என்ன சோலி?"

உடையப்பன் புது இலை கிழித்தார். ஈரத்தை வேட்டியில் துடைத்தார். நெற்றியில் வேர்த்திருந்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஊர்ல எத்தனாவது தடவை வெள்ளை வந்துது?"

"மூணாவது."

"முந்தின ரெண்டும்?"

"சிவப்பு. அன்னைக்குக் காத்து வேற. பொட்டலம் உருண்டுபோச்சு."

"சரி, வெள்ளை வந்ததுக்கப்புறம் நாலாவது கேட்டீகளா?"

"நாலாவது எதுக்கும்மா? அதான் வந்தாச்சே..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

மடித்த பொட்டலங்கள் இரண்டும் அவர் உள்ளங்கையில் கிடந்தன. ஒன்று மெல்லப் பிரிந்துகொண்டு வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அடுப்பில் உலை கொதித்தது. அம்மா எழுந்துபோய்க் கீரையைப் போட்டுவிட்டு வந்தாள். அதுவரைக்கும் அவர் அசையவே இல்லை.

"சாமிகிட்ட நான் கேக்கவே இல்லையேம்மா" என்றார். "அவரு ரெண்டு தடவை சொன்னாரு. நான்தான் கேக்கல."

அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"நாப்பது பேரும் அரிவாளும் மண்ணெண்ணெயுமாத் தோப்புல காத்திருக்காக. நான் போயி என்னன்னு சொல்ல?"

"சாமி முதத் தடவை சொன்னதச் சொல்லுங்க."

"சொன்னா என்னையவே வெட்டிப் போட்டுருவாகம்மா."

"வெட்டினாலும் வெட்டுவாக."

உடையப்பன் பொட்டலங்களைக் கீழே வைத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனார்.

"அண்ணாச்சி."

திரும்பினார்.

அம்மா கையில் திருநீற்றுக் கிண்ணம் இருந்தது.

"கொஞ்சம் குனியுங்க" என்றாள்.