தூணியா, நடுக்கமா?

கருவேலங்கோட்டைப் பாளையத்தை ஆண்ட கொண்டம நாயக்கருக்கு மீசை பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. தைரியத்துக்குத்தான் உடம்பில் இடம் போதவில்லை. இது ஊருக்கே தெரியும். நாயக்கரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவருடைய துபாஷி தில்லைமுத்து. துரைமார் பேச்சை நாயக்கருக்கும் நாயக்கர் பேச்சைத் துரைமாருக்கும் மாற்றிச் சொல்வது அவன் பிழைப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சும் சென்னப்பட்டணத்தில் இங்கிலீஷும் கற்றவன். பாளையத்தின் மந்திரியான பிரதானி அனந்தப்பிள்ளைக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தாமும் அரைகுறையாய் இங்கிலீஷ் படித்துக்கொண்டு, இவன் எப்போது வழுக்குவான் என்று காத்திருந்தார்.

ஒருநாள் கும்பினித் துரை ஒருவர் பட்டாளத்தோடும் பீரங்கிகளோடும் வந்து கோட்டைக்கு வெளியே கூடாரம் அடித்தார். நாயக்கர் முதுகில் அம்பறாத்தூணி கட்டிக்கொண்டு, வீராதிவீரராகச் சபையில் அமர்ந்து வரவேற்றார். அந்த நேரம் பார்த்து வெளியே மரியாதை வேட்டு ஒன்று போட்டார்கள். நாயக்கர் உதறிய உதறலில் தூணியிலிருந்த அம்புகள் கலகலவென்று ஆடின. துரை சிரிப்பை அடக்க முடியாமல், “குவிவர்” என்றார்.

நாயக்கரின் கை வாளுக்குப் போயிற்று. அவன் என்ன சொன்னான் என்று கேட்டார்.

துரை சொன்னது நடுக்கத்தைத்தான் என்று தில்லைமுத்துவுக்குத் தெரியும். அதை அப்படியே சொன்னால் நாயக்கர் வாளை உருவுவார். உருவிவிட்டால் அடுத்த பீரங்கி மரியாதைக்கு வெடிக்காது. பொய் சொல்லலாமென்றால் பிரதானி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

அவன் சட்டென்று துரை பக்கம் திரும்பி, நாயக்கரின் முதுகைக் காட்டி, அங்கே தொங்குவதற்கு உங்கள் பாஷையில் என்ன பெயர் என்று கேட்டான். துரை யோசிக்காமல், “குவிவர்” என்றார்.

“கேட்டீர்களா மகாராஜா? தங்கள் தூணியைத்தான் மெச்சுகிறார்.”

வாளிலிருந்து கை இறங்கியது. பிரதானிக்குப் பொறுக்கவில்லை. குவிவர் என்றால் நடுக்கம் என்றும் பொருள் உண்டு, துபாஷி மறைக்கிறான் என்று எழுந்து நின்று சொன்னார்.

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருளா என்று நாயக்கர் முறைத்தார். தில்லைமுத்து மறுக்கவில்லை. நம் ஊரில் மரமும் வேங்கை, புலியும் வேங்கை. அதுபோலத்தான் இதுவும் என்றான். இரண்டுக்கும் பிறந்த வீடு வேறு, பெயர்தான் ஒன்று.

“தூணியைச் சொல்லும் சொல் பிரெஞ்சுக்காரன் வழியாக வந்தது மகாராஜா. நடுக்கத்தைச் சொல்வது இங்கிலீஷ்காரனின் சொந்தச் சரக்கு.”

அந்தக் கடைசிச் செய்தி நாயக்கருக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. மீசையைத் தடவிக்கொண்டார். பிரதானி விடுவதாக இல்லை. துரை இன்று சொன்னது நடுக்கத்தைத்தான், சத்தியம் செய்வேன் என்றார்.

தில்லைமுத்து பணிவாகக் கைகட்டி நின்றான்.

“இருக்கட்டும் ஐயா. நடுக்கம் என்றால் யாராவது நடுங்கியிருக்க வேண்டுமே. இந்தச் சபையில் நடுங்கியது யார்?”

பிரதானி நாயக்கரைப் பார்த்தார். நாயக்கரின் கை மறுபடியும் வாளுக்குப் போயிருந்தது. பிரதானியின் முழங்கால்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

“நான்தான்,” என்றார்.

சபை கொல்லென்று சிரித்தது. என்ன ஏது என்று தெரியாமலே துரையும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடு விருந்து உண்டு, மறுநாள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

நாயக்கர் துபாஷிக்குச் சால்வை போர்த்தினார். பிறகு எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நெஞ்சில் கைவைத்துச் சொல். அந்தத் துரை சொன்னது தூணியா, நடுக்கமா?”

“எதுவாயிருந்தால் என்ன மகாராஜா? தூணி தங்களுடையது. நடுக்கத்தைத்தான் பிரதானி நாலு பேர் முன்னால் வாங்கிக்கொண்டு போய்விட்டாரே.”