பிள்ளைக்கு ஒரு ஓட்டு

அரண்மனை எப்படி ஜொலித்தது, ராஜாவின் மீசை எப்படி முறுக்கியிருந்தது என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். நேராகச் சண்டைக்கே வந்துவிடலாம்.

மஞ்சூர் ராஜா வல்லபதேவர் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். அதற்கு ஒரு பெற்றோர் சங்கம். சங்கம் என்று வந்தாலே சண்டை வரும், வந்தது. ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்தை அந்தக் கரையில் தன் மாளிகைக்குப் பக்கத்தில் மாற்ற வேண்டும் என்றார் தளபதி மல்லராயர்.

கூடவே கூடாது என்றாள் சடைச்சி. இந்தக் கரையில் உப்பு விற்கிறவள். ஒரே மகள் முத்தி. மழைக்காலத்தில் ஆற்றில் பரிசல் ஓடாது. பள்ளிக்கூடம் அக்கரைக்குப் போனால் முத்தியின் படிப்பு அத்தோடு முடிந்தது.

சரி, ஓட்டுப் போடுவோம் என்றார்கள். எப்படிப் போடுவது என்பதில் அடுத்த சண்டை. வீட்டுக்கு ஒரு ஓட்டு என்றாள் சடைச்சி. அப்படியென்றால் இரண்டு கரையும் சரிக்குச் சரி. பிள்ளைக்கு ஒரு ஓட்டு என்றார் தளபதி. அவருக்கு மூன்று மனைவிகள், பதினான்கு பிள்ளைகள். மனுஷன் ஒருவரே தராசைச் சாய்த்துவிடுவார்.

ராஜாவுக்குத் தலைவலி. அமைச்சர் கொண்டலைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தங்கள் வாயால் சம்மதம் சொல்கிற மாதிரி ஒரு விதி நாளைக்குள் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு நீர்தான் வாத்தியார் என்றார். கொண்டல் போருக்குக்கூடப் போவார். ஒன்றாம் வகுப்பு என்றதும் வியர்த்துவிட்டது.

மறுநாள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடினார்கள். ராணியும் வந்திருந்தார். பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். தலை முதல் கால் வரை செம்மண். எது யார் பிள்ளை என்று கடவுளுக்கே தெரியாது.

"தளபதி சொன்னதுதான் விதி. பிள்ளைக்கு ஒரு ஓட்டு" என்றார் கொண்டல்.

சடைச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு நிபந்தனை. அப்பாவோ அம்மாவோ, யார் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இங்கே கொண்டுவருகிறாரோ, அந்த ஓட்டு அவருக்கு."

"இவ்வளவுதானா? சம்மதம்" என்று சிரித்தார் தளபதி. சடைச்சி செம்மண் பூசிய பிள்ளைகளையும் தளபதியையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கும் சம்மதம் சாமி."

தளபதி மைதானத்தில் இறங்கினார். "டேய் பெரியவனே" என்றார். ஆறு பையன்கள் திரும்பினார்கள். ஆறு பேருமே அவரவர் வீட்டில் பெரியவன்கள். பெயர் சொல்ல வேண்டும் என்று கொண்டல் ஞாபகப்படுத்தினார். தளபதி வானத்தைப் பார்த்தார். பெயர் அங்கேயும் இல்லை. கடைசியில் தன்னைப் போலவே தாடை இருந்த ஒருவனை எட்டிப் பிடித்து, "ராஜமல்லா, வாடா" என்றார்.

"விடுங்கய்யா. நான் சமையல்காரர் மகன்" என்றான் அவன்.

அவர் மனைவிகள் மூவருக்கும் அதற்கு மேல் பொறுமை இல்லை. இறங்கினார்கள். மண்ணோ சேறோ, முதுகைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். பெயர் சொல்லி, இரண்டு பேர் காதையும் திருகி, பதினான்கையும் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

தளபதிக்கு உயிர் வந்தது. என் வீட்டு ஓட்டு எங்கே போய்விடும் என்று மீசையைத் தடவினார்.

மூத்தவள் ராஜாவைக் கும்பிட்டாள். "பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கட்டும் மகாராஜா. இதுகள் ஆற்றைத் தாண்டிப் போகிற நேரம்தான் எங்களுக்கு நிம்மதி. அதையும் வாசலுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார் இந்த மனுஷன்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பதினான்கு ஓட்டும் இந்தக் கரைக்கு விழுந்தது. சடைச்சி முத்தியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அவள் புடவையெல்லாம் செம்மண்.

"இது அநியாயம்" என்றார் தளபதி.

"நீங்கள் சொன்ன விதிதானே? ஒரு ஓட்டுகூடக் குறையவில்லையே" என்றார் கொண்டல்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொந்தப் பிள்ளையைத் தெரியாத அப்பனும் உண்டா என்றார். "என் மகனும் இந்தக் கூட்டத்தில்தானே இருக்கிறான். ஒரே நொடியில் பிடித்துக் காட்டுகிறேன் பார்" என்று எழுந்தேவிட்டார்.

கொண்டல் அவர் காதருகே குனிந்தார். "உட்காருங்கள் மகாராஜா. ராணியார் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

ராஜா உட்கார்ந்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொண்டலின் கையில் வைத்தார். எதற்கு என்று சபையில் சொல்லவில்லை.