புகழும் புனுகும்

பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது மூக்கைப் பற்றிய கதை. மூக்கு இருக்கிறவர்கள் எல்லாரும் கேட்கலாம்.

ஆற்றுக்குப் பாலம் கட்டத் தெரியாத காலத்தில் மருதவேலி என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டை அடலரசன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன், வில்லில் கெட்டிக்காரன், குடிமக்கள் மேல் அன்பு உள்ளவன். அவனிடம் இரண்டே குறைகள்தான். ஒன்று, புகழ்ந்து பேசினால் உருகிவிடுவான். இன்னொன்று, அவன் மீசை.

அது சாதாரண மீசை இல்லை. தினமும் காலையில் புனுகு தடவி, முறுக்கி, நுனியைச் சுருட்டி நிறுத்த ஓர் ஆள் தனியாக உண்டு. அரசன் உடைகளை அகில் புகையில் காட்டி மடித்து வைப்பார்கள். செருப்பு வாருக்குச் சந்தன எண்ணெய். அம்பறாத்தூணிக்குக்கூட ஜவ்வாது. அரசன் வருகிறான் என்பது ஆள் வருவதற்கு முன்பே நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும்.

அந்த நாட்டில் ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் துறை ஒன்று இருந்தது. ஒரு கோடையில் அங்கே கிழட்டுக் காட்டுப்பன்றி ஒன்று வந்து சேர்ந்தது. கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாகத் திரியும் பன்றி, வளைந்த கோரைப்பல், பொல்லாத கோபம். உச்சி வெயிலில் துறைச் சேற்றில் புரள வரும். குறுக்கே யார் நின்றாலும் குத்திக் கிழிக்கும். இரண்டு மாதத்தில் மூன்று பேரைக் கொன்றுவிட்டது. மூன்றாவதாகச் செத்தவன் காத்தான் என்ற வெளுப்பவன்.

“அந்தப் பன்றியை என் கையால் கொல்வேன்” என்று அரசன் சபையில் வாக்குக் கொடுத்தான். கொடுத்த வாக்கை நிறைவேற்றக் கிளம்பினான்.

முதல் நாள் போனான். பன்றி வரவில்லை. “அரசே, தங்கள் பெயரைக் கேட்டே ஓடிவிட்டது” என்றார் அமைச்சர் தேனுடையார்.

இரண்டாம் நாள் போனான். பன்றி தூரத்தில் வந்தது, உர்ரென்று உறுமியது, திரும்பி ஓடியது. “அரசே, தங்கள் வீரத்தை நினைத்தே ஓடிவிட்டது” என்றார் தேனுடையார்.

மூன்றாம் நாளும் போனான். புதருக்குள் சலசலப்பு மட்டும் கேட்டது. “அரசே, தங்கள் புகழ் எட்டுத் திக்கும் மணக்கிறது. அந்த மணம் தங்களுக்கு முன்னால் காட்டுக்குள் போய்விடுகிறது. பாவம், விலங்கு என்ன செய்யும்?” என்றார் தேனுடையார்.

அரசன் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான். அரசன் திரும்பிய மறுநாள் பன்றி மறுபடியும் துறைக்கு வந்தது. நல்ல வேளையாக, கரையில் நின்றவர்கள் மரத்தில் ஏறித் தப்பினார்கள்.

அன்று காத்தானின் மனைவி செம்பாயி அரண்மனை வாசலுக்கு வந்தாள். தலையில் வெளுத்த துணி மூட்டை, கண்ணில் பயமும் கோபமும். மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியவள் போகவில்லை. அரசனைப் பார்த்தே தீருவேன் என்று நின்றாள். சபைக்கு அழைத்து வந்தார்கள்.

“சாமி, தப்பா நெனைக்கப்படாது. மூணு நாளா அந்தப் பன்னி ஓடுனது உங்க புகழுக்கு இல்லீங்க” என்றாள்.

“பிறகு?” என்று சிரித்தான் அரசன்.

“புனுகுக்குங்க.”

தேனுடையாருக்கு முகம் சிவந்துவிட்டது. “வெளுக்கிறவளுக்கு வேட்டையைப் பற்றி என்ன தெரியும்?” என்று சீறினார்.

“வேட்டை தெரியாதுங்க. துணி தெரியும். ஊர்த்துணி வெளுக்குற அன்னிக்கெல்லாம் அந்தப் பன்னி கரைக்கு வருது. அரண்மனை மூட்டையை அவுத்த அன்னிக்கு எட்டியே பார்க்கறதில்ல. அதுக்குக் கண்ணு மந்தம், மூக்குதான் எல்லாம். உங்க மூட்டையை ஏத்துனா என் கழுதையே தும்முதுங்க. எம் புருசன் போன அன்னிக்கு நான் வெளுத்தது ஊர்த்துணி சாமி. ஒரே ஒரு அரண்மனை வேட்டி அங்க கெடந்திருந்தா அவரு இருந்திருப்பாரு.”

இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அரசன் சிரிப்பதை நிறுத்தினான்.

“சரி, சோதித்துப் பார்ப்போம்” என்றான்.

மறுநாள் அரசன் அரண்மனையிலேயே இருந்தான். அவன் மேல்துண்டு ஒன்றை மட்டும் துறையில் ஒரு மரத்தில் கட்டச் சொன்னான். எதிர்க்கரைப் பாறை மேல் தேனுடையாரையே காவலுக்கு உட்கார வைத்தான். உச்சி வெயிலில் பன்றி வந்தது, மூக்கைத் தூக்கியது, திரும்பி ஓடியது. அதற்கு மறுநாள் அதே துண்டைச் செம்பாயி உவர்மண் போட்டு மூன்று முறை வெளுத்து, அகில் புகை காட்டாமல் கட்டினாள். பன்றி வந்தது, துண்டுக்குக் கீழேயே படுத்துச் சுகமாகப் புரண்டது.

“என்ன கண்டீர்?” என்று அரசன் கேட்டான்.

தேனுடையார் தொண்டையைச் செருமினார். “முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாள் ஓடவில்லை.”

“இரண்டு நாளும் நான் எங்கே இருந்தேன்?”

“அரண்மனையில், அரசே.”

“என் துண்டுக்கு ஏது ஐயா புகழ்?” என்றான் அரசன். தேனுடையாரின் தேன் அன்றைக்கு ஊறவில்லை.

அதன் பிறகு வேலை நடந்தது பாருங்கள்! அரசனின் வேட்டை உடையைச் செம்பாயி உவர்மண்ணில் வெளுத்தாள். அரண்மனையில் உலர்த்தவில்லை, காட்டோரக் காற்றில் உலர்த்தினாள். உலர்ந்ததும் புதுப்பானையில் காட்டு மண்ணும் காய்ந்த சருகும் போட்டு, அதற்குள் உடையை மூடி வைத்தாள். தூணியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொன்னாள். சந்தன எண்ணெய் குடித்த செருப்பு வேண்டவே வேண்டாம், வெறுங்காலோடு வரட்டும் என்றாள். வெற்றிலை கூடாது, மாலை கூடாது, வழியனுப்பச் சாம்பிராணியும் கூடாது என்றாள். எல்லாம் அப்படியே நடந்தது.

வேட்டை நாள் காலையில் அரசன் துறைக்கு வந்தான். பின்னால் சபையே வந்து சற்றுத் தள்ளி நின்றது. செம்பாயி உடையை முகர்ந்தாள், சரி என்றாள். தூணியை முகர்ந்தாள், சரி என்றாள். வில்லை முகர்ந்தாள், சரி என்றாள். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

“இன்னும் வருதுங்க.”

“எங்கிருந்து?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “மீசையிலிருந்துங்க, சாமி.”

அடேயப்பா! யாராவது அரசனைப் பார்த்து இப்படிச் சொல்வார்களா? காவலன் ஈட்டியை இறுக்கிப் பிடித்தான். தேனுடையார் ஓடி வந்தார். “அரசே, உடையை வெளுத்தது போதும். மீசை இந்த நாட்டின் மானம். அதற்குப் போய் மண் பூசுவதா? இந்தப் பன்றி போனால் போகட்டும்!”

அரசனின் கை தானாக மீசைக்குப் போனது. விரல் நுனியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அத்தனை வருடப் பழக்கம், தன் வாசம் தனக்கே எட்டவில்லை. அதுதான் அவனைச் சுட்டது. எதிரே நின்ற செம்பாயியைப் பார்த்தான். செத்துப்போன மூன்று பேரை நினைத்தான். வெட்கமாக இருந்தது.

நேரே ஆற்றில் இறங்கினான். வெளுக்கும் கல்லின் மேல் உட்கார்ந்தான். ஒரு பிடி உவர்மண்ணை அள்ளி, அத்தனை பேர் பார்க்க, தன் மீசையில் தானே மண்ணைப் பூசித் தேய்த்தான். ஒரு முறை இல்லை, மூன்று முறை. சுருண்டு நின்ற மீசை நனைந்த கயிறு மாதிரி தொங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

செம்பாயி மறுபடி முகர்ந்தாள். “இப்போ சரிங்க.”

ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்துக் காற்றில் விட்டாள். அது சேற்றுப் பக்கமிருந்து மருத மரத்தின் பக்கம் பறந்தது. “காத்து அங்கிருந்து இங்க வருது. அந்த மருத மரத்துக்குப் பின்னால நில்லுங்க” என்றாள். அரசன் அப்படியே நின்றான். மற்றவர்கள் அவனுக்கும் பின்னால் வெகுதூரம் விலகிப் போனார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தது. புதர் விலகியது. பன்றி வந்தது. மூக்கைத் தூக்கி வலப்பக்கம் பார்த்தது, இடப்பக்கம் பார்த்தது, நேரே பார்த்தது. தண்ணீர் வாசம், சேற்று வாசம், சருகு வாசம். வேறு எதுவும் இல்லை. நிம்மதியாக நடந்து பத்தடி தூரத்துக்கு வந்தது. அரசன் ஒரே அம்புதான் விட்டான். அது போதுமாக இருந்தது.

செம்பாயி வந்து பார்த்தாள். அந்தத் துறையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கணவன் செத்த நாளில்கூட அவள் அப்படி அழவில்லை. அன்று பயம் அவளை அழவிடவில்லை.

அதற்குள் தேனுடையார் வந்து சேர்ந்துவிட்டார். “ஆகா! அரசரைப் பார்த்த அதிர்ச்சியிலேயே பன்றிக்குப் பாதி உயிர் போய்விட்டது!”

“அது என்னைப் பார்க்கவே இல்லை, தேனுடையாரே” என்றான் அரசன். “அதனால்தான் செத்தது.”

மறுநாள் சபையில் மீசை முறுக்கும் ஆள் புனுகுக் கிண்ணத்தோடு வந்து நின்றான். அரசன் அதை வாங்கித் தேனுடையார் கையில் கொடுத்து, “உமக்குத்தான் இது தேவைப்படும்” என்றான். செம்பாயிக்கு அன்று முதல் சபையில் ஓர் இடம் கொடுத்தான். அவள் துறை வேலையை விடவில்லை. அரசனை யாராவது அளவுக்கு மீறிப் புகழும்போது மட்டும் அவள் ஒரு தும்மல் போடுவாள். அரசன் உடனே மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: நம்மிடமிருந்து வீசுவது நம் மூக்குக்குத் தெரியாது, ஆதலால் அதை அஞ்சாமல் எடுத்துச் சொல்பவரை அருகில் வைத்துக்கொள்பவரே காரியத்தில் வெல்வார்.