கடைசி வரிசைக்கு வராத வெற்றிலை

ரொம்பக் காலத்துக்கு முன்னே, நெட்டேரி நாட்டை வல்லபராயன்னு ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவர் சபையிலே ஒரு வழக்கம். வெற்றிலைத் தட்டு யாரிடம் வருதோ, அவர்தான் பேசலாம். வெற்றிலை கிடைக்காதவர் வாய் திறக்கக் கூடாது. தட்டு ராஜாவிடம் புறப்பட்டுத் தளபதி கங்காதரரிடம் போகும். பெரிய ஆட்கள் ஆளுக்கொரு பிடி அள்ளுவார்கள். ஐந்தாவது ஆசனத்திலேயே தட்டு காலி!

ஒரு ஐப்பசியில் ராஜாவுக்கு ஆசை வந்தது. "என் பிறந்தநாளுக்கு ஏரியிலே தெப்பம் விடணும். மதகை மூடித் தண்ணியைத் தளும்பத் தளும்ப நிறுத்துங்க!"

"கரை கல்லு மாதிரி இருக்கு மகாராஜா, நானே போய்ப் பார்த்தேன்" என்றார் கங்காதரர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மந்திரி பூவணநாதர் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "மகாராஜா, கடைசி வரிசையிலே ஒரு வாய் திறந்து திறந்து மூடுது. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும் போல இருக்கு."

"கொட்டாவி இருக்கும்!" கங்காதரர் சிரித்தார். "மந்திரிக்கு வேற வேலை இல்லை."

"கொட்டாவின்னா என் பதவி உமக்கு. வேற ஏதாச்சும் இருந்தா?"

"ஒரு வருஷம் இந்தத் தட்டை நானே சுமக்கிறேன்!"

ராஜாவுக்கு ஆவல் தாங்கவில்லை. "தட்டு இன்னைக்குப் பின்னாலேருந்து புறப்படட்டும்."

முதல் வெற்றிலை மதகு காக்கும் காத்தாயிக்குப் போனது. மெல்லாமல் மடியில் செருகிக்கொண்டாள். "சாமி, கிழக்குக் கரை பூரா நண்டு வளை. கையை விட்டா தோள் வரைக்கும் போகுது. தண்ணி தளும்பினா கரை தாங்காது. கீழே எங்க தெரு, நாப்பது வீடு."

"ஏம்மா இவ்வளவு நாள் சொல்லலை?"

"வெத்தலை வரலையே சாமி."

ராஜா திரும்பினார். "தளபதி, கரையை எங்கே நின்னு பார்த்தீர்?"

"பல்லக்கிலேருந்து..."

"திரை திறந்திருந்துச்சா?"

"சாரல் அடிச்சுது மகாராஜா..."

ராஜா நேரே ஏரிக்குப் போய்த் தானே வளைக்குள் கைவிட்டார். விரலில் நண்டு தொங்க, "மதகை மூடாதீங்க, திறந்தே இருக்கட்டும்!" என்று கத்தினார். தெப்பம் நின்றுபோனது, நாற்பது வீடும் பிழைத்தது. கரை வேலைக்குக் காத்தாயியே தலைவியானாள்.

அடுத்த சபையில் கங்காதரர் தட்டோடு கடைசி வரிசைக்கு நடந்தார். இந்த முறை முதல் வெற்றிலை குதிரை தேய்க்கும் மாடசாமிக்கு. ராஜா முன்னே சாய்ந்து கேட்டார்: "உனக்கு என்னப்பா தெரியும்?"

"மகாராசா ஏறுற குதிரைக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்க. ரெண்டு வருஷமாச்சு."