தேனீக்குச் சேர்மன் வைத்த நேரம்

"பூசணி பூத்து நிக்கையில, காலையில தோட்டத்துக்குள்ள மருந்து..." என்று முன்னாள் சேர்மன் தெய்வேந்திரனிடம் அவருடைய அப்பா ஏதோ சொல்வார். மீதி சேர்மனுக்கு மறந்துவிட்டது. அதனால் தன் பூசணித் தோட்டத்தில் காலை எட்டு மணிக்கே பூச்சிமருந்து அடிக்கச் சொன்னார்.

பக்கத்து நிலத்தில் தேன்பெட்டி வைத்திருந்த ஒச்சம்மா, செத்த தேனீக்களை மடியில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"என் தோட்டத்துல அதுகளுக்கு என்ன சோலி? சாயங்காலமா வரச் சொல்லு. நாளைக்கும் காலையில வந்துச்சுகன்னா உன் பெட்டி ஒண்ணுகூட இங்க இருக்காது" என்றார் சேர்மன். கூலியாட்கள் சிரித்தார்கள்.

ஒச்சம்மா போய் ஒரு பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"சாயங்காலமே வாரோம்னு ஒத்துக்கிருச்சுகய்யா. ஆனா பூசணிப்பூ உச்சிக்கு முன்னாடியே மூடிக்கிருதாம். பொழுது சாயுற வரைக்கும் விரிஞ்சு நிக்கச் சொல்லி, நீங்க பூவுக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க. தேனீ உக்காராட்டி ஒரு பிஞ்சுகூட நிக்காது."

"நான் சொன்னா பூ கேக்குமாக்கும்?"

"தேனீ கேட்டுக்கிருச்சு, பூ கேக்காதுங்கிறீங்க. நீங்க சொன்னா கேக்குற ஆளே இந்தத் தோட்டத்துல இல்லையாய்யா?"

மருந்து டேங்கை முதுகில் மாட்டியிருந்தவன் ஓரடி முன்னால் வந்தான். "நான் கேப்பேங்கய்யா. சாயங்காலம்னா சாயங்காலம் அடிக்கிறேன்."

இனிப் பூசணிக்குப் பொழுது சாய்ந்த பிறகே மருந்து அடிப்பது என்று சேர்மன் முடிவு செய்தார்.